பையில் வந்த மண்

போன மாதம் ரம்யா போன் செய்தாள். நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த மண் பரிசோதனைக் கூடத்தில் இப்போது அவள் இருக்கிறாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்த பெண். எப்போதாவது சந்தேகம் கேட்பாள். அன்று குரலில் பதற்றம் இருந்தது.

"மேடம், ஆர்கானிக் கார்பன் பாக்கறப்ப சாம்பிளும் பிளாங்க்கும் ஒண்ணா நிக்குமா?"

"எத்தனை தடவை போட்ட?"

"மூணு தடவை போட்டுட்டேன். ஆசிட் புதுசு, கரைசலும் நேத்துதான் போட்டது. நான்தான் எங்கயோ தப்பு பண்றேன்னு நெனைக்கிறேன்."

"எந்த ஊரு மண்ணு அது?"

சொன்னாள். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு குடியிருப்பு. அதற்கு 'கார்பன் சமநிலைக் குடியிருப்பு', அதாவது வெளிவிடுகிற கார்பனையெல்லாம் தானே ஈடுகட்டிவிடும் இடம், என்று ஒரு தனியார் நிறுவனம் சான்றிதழ் தரப்போகிறது. விழாவில் மரக்கன்று நடுவதற்கு வெட்டிய குழியிலிருந்து எடுத்த மண் அது. விழாவுக்கு நானும் வரவேண்டுமாம். மண் எப்படிக் கார்பனைப் பிடித்து வைக்கிறது என்று பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.

"நீ தப்பு பண்ணல ரம்யா. ரீடிங் சரிதான்" என்றேன். விழாவுக்கு வருகிறேன் என்றும் சொன்னேன்.

அந்த இடத்தின் மண்ணை நான் இதற்கு முன்பே பரிசோதித்திருக்கிறேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். குடியிருப்பின் பெயரும் அலுவலகங்களின் பெயரும் வேண்டாம். இதைப் படிப்பவர்களில் பலருக்கு அவரவர் ஊரிலேயே அப்படி ஓர் இடம் இருக்கும்.

முதலில் பிளாங்க் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மண்ணில் கார்பன் பார்ப்பது கஷ்டமான வேலை இல்லை, பொறுமையான வேலை. நிழலில் உலர்த்திய மண்ணை மரச்சுத்தியால் தட்டிப் பொடித்துச் சலிக்க வேண்டும். அதில் துளி எடுத்து எடைபோட்டுக் குடுவையில் போட வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் டைகுரோமேட் கரைசல், அதன்மேல் அடர்ந்த கந்தக அமிலம். குடுவை கை பொறுக்காத அளவுக்குச் சுடும். ஆறவிட வேண்டும். அதற்குள் மண்ணில் இருக்கும் கார்பன், டைகுரோமேட்டைத் தின்றுவிடும். தின்றது போக மிச்சம் எவ்வளவு என்று பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்போம். ஊதா நிறத்தில் இருக்கும் குடுவை ஒரே ஒரு சொட்டில் பச்சையாக மாறும். அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும்.

ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் மண்ணே போடாத ஒரு குடுவையை இதே மாதிரி செய்து பார்ப்போம். அதுதான் பிளாங்க். அதில் கார்பன் கிடையாது என்பதால் பியூரெட்டில் அதிகம் செலவாவது அதற்குத்தான். நல்ல மண் என்றால் செலவு குறையும். வெறும் குடுவைக்கும் மண் குடுவைக்கும் உள்ள வித்தியாசமே கார்பன். வித்தியாசமே இல்லை என்றால், நாம் மண் என்று நினைத்துக் குடுவையில் போட்ட பொருளில் எதுவும் வாழ்ந்து செத்த தடயமே இல்லை என்று அர்த்தம்.

நான் வையம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் குடும்பத்துப் பெண். கெமிஸ்ட்ரி படித்தேன், வேலை கிடைத்தது, திருச்சிக்கு வந்தேன். பயிற்சிக் காலத்தில் மண் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வரப்பை ஒட்டி எடுக்கக் கூடாது. மரத்தடியில், எருக்குவியல் இருந்த இடத்தில் எடுக்கக் கூடாது. வயலில் பல இடங்களில் 'வி' வடிவத்தில் வெட்டி, வெட்டின பக்கவாட்டை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்கை ஒதுக்கிவிட்டு மீதியை மறுபடி கலக்க வேண்டும். கடைசியில் ஒரு பிடி மண் அந்த வயல் முழுவதற்கும் பதில் சொல்லும். ஆறே மாதத்தில் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. மீதியைக் கற்றுக்கொண்டது வரதன் சாரிடம்.

வரதன் சார் எங்கள் கூடத்தின் தலைமை அலுவலர். ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கரியக் குடும்பம். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் திருமண்ணோடு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவார். வந்ததும் நாற்காலியில் உட்கார மாட்டார். கையைக் கழுவிக்கொண்டு அன்றைய முதல் பிளாங்க்கை அவரே போடுவார். "பிளாங்க் பிசகினா அன்னிக்குப் பூராவும் பொய்தான் சொல்லிண்டிருப்போம்" என்பார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பியூரெட்டைச் சரியாகக் கழுவாமல் வைத்தால், எதுவும் சொல்லாமல் அவரே எடுத்துக் கழுவுவார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடத் திட்டு வாங்கலாம்.

அவருடைய பெரிய விதி ஒன்று உண்டு. மண் வந்த பையிலிருந்து பெயர்ச்சீட்டை அவரே எடுத்துவிடுவார். பைக்கு ஓர் எண் மட்டும் போடுவார். யார் மண், எந்த ஊர், எதற்காக வந்தது என்று சோதிக்கிற எங்களுக்குத் தெரியாது. "பேரைப் பார்த்தா கை ஒரு சொட்டு முன்னாடியோ பின்னாடியோ நின்னுடும்மா. நாம மனுஷாதானே." ஒரு முறை கட்சிக்காரர் ஒருவர், மானியத்துக்காக ரீடிங்கைக் கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லி ஆள் அனுப்பினார். வரதன் சார் வந்தவரை உட்காரவைத்து, காபி வரவழைத்துக் கொடுத்து, "எது அவரோட பைன்னு எங்களுக்கே தெரியாது. நாங்க யாருக்குன்னு பார்த்துப் போடறது?" என்று அனுப்பிவைத்தார். அந்த விதிக்குள் நாங்கள் எல்லோரும் பாதுகாப்பாக இருந்தோம்.

அதே காரணத்துக்காக அவர் வயலுக்கும் போகமாட்டார். "போனா ஒரு இளநீர் வெட்டித் தருவான். குடிச்சுட்டா அவன் நம்மளவன் ஆயிடுவான். நம்ம வேலை பையில இருக்கற மண்ணு. அதுக்கு வெளியில இருக்கறது வேற யாரோட வேலையோ."

அந்தக் காலத்தில் இதை நான் ரொம்ப மதித்தேன். இன்றைக்கும் அவர் நேர்மையானவர் இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் கோபமே அதனால்தான்.

என் பணியின் நடுப்பகுதியில் ஒரு நாள் ஒரு தொகுதி மண் வந்தது. சலிக்கும்போதே எனக்கு உறுத்தியது. பயிர் வைத்த மண்ணைச் சலித்தால் சல்லடையில் முடி மாதிரி வேர்கள் தங்கும். வாழை போட்ட மண்ணென்றால் கட்டாயம் தங்கும். இதில் ஒன்றுகூட இல்லை. மஞ்சள் பூத்த நிறம், அப்பிக்கொள்கிற களி. சோதித்தேன். பிளாங்க்கை ஒட்டி வந்தது ரீடிங். எழுதி வைத்துவிட்டு அடுத்த பைக்குப் போனேன். விதி அப்படி.

இரண்டொரு நாளில் சம்சுதீன் பாய் கூடத்துக்கு வந்தார். பாலக்கரைக்காரர். அண்ணனுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. இவருக்கு மண்டியில் இருப்புக் கொள்ளாது. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே அவர் அத்தா வாங்கிப் போட்ட நிலத்தில் பூவன் வாழையும் ஏலரிசி வாழையும் வைத்திருந்தார். இரண்டு மூன்று முறை மண் கொடுக்க வந்ததில் பழக்கம். அன்று ஒரு பாலிதீன் பையில் அவர் வயல் மண்ணோடு வந்திருந்தார்.

"அம்மா, என் வயலுக்கும் மேல்பக்கத்து வயலுக்கும் நடுவுல ஒரு வரப்புதான். ஒரே வாய்க்கா, ஒரே தண்ணி. எப்படிம்மா அவங்க மண்ணு மட்டும் செத்துப் போவும்?"

"செத்துப்போச்சுன்னு யார் சொன்னா பாய்?"

"அதை வாங்கிப் போட்ட கம்பெனியோட புரோக்கர்தான். லேபுல விவசாயத்துக்கு லாயக்கில்லன்னு வரப்போவுது பாய், அப்புறம் வாய்க்கா யாருக்கு, உங்க ஒருத்தருக்காங்கறான்."

நிலைமை இதுதான். நஞ்சையை மனையாக மாற்ற வேண்டுமென்றால் அது சாகுபடிக்கு ஏற்றதல்ல என்று ஒரு கருத்து வேண்டும். அந்தக் கருத்துக்குக் கால் கொடுப்பது எங்கள் அறிக்கை. கம்பெனி வாங்கியிருந்த வயல்களைத் தாண்டித்தான் கிளை வாய்க்கால் பாயின் வயலுக்கு வருகிறது. மேலே இருப்பதெல்லாம் தரிசு என்றால் வாய்க்கால் தேவையில்லாததாகிவிடும். தூர்த்து ரோடு போடலாம். பாய் நிலத்தை விற்கவில்லை. விற்கவும் மாட்டார். ஆனால் வாய்க்கால் போனால் அவர் வாழைக்குக் கோடையில் தண்ணீர் வராது, ஐப்பசியில் வந்த தண்ணீர் வடியாது. வாழை இரண்டையும் தாங்காது.

எனக்கு உறைத்தது வேறு. அறிக்கை இன்னும் கையெழுத்தாகவில்லை. எந்தப் பை யாருடையது என்று எனக்கே தெரியாது. புரோக்கருக்கு எப்படி ரிசல்ட் முன்கூட்டியே தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை பாயோடு போனேன். வரப்பின் மேல் நின்று பார்த்தால் போதும். இந்தப் பக்கம் பாயின் வாழை, வரப்புக்குச் சமமாக மண். அந்தப் பக்கம் வயல் முழங்கால் ஆழத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. நான் சலித்த அதே மஞ்சள் களி. பொக்லைன் பல் கீறிய வரிசை வரிசையான கோடுகள். லாரி டயர் தடம் நேராக ஆற்றங்கரைச் சாலைக்குப் போயிற்று. அக்கரையில் செங்கல் சூளைப் புகை.

புரோக்கர் அங்கேயே இருந்தார். முப்பது வயதுக்குள். மரியாதையாகப் பேசினார். என்னை யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் இன்னும் மரியாதை கூடியது.

"மேடம், சாம்பிள் உங்க ரூல்படிதாங்க எடுத்தோம். வி கட்டிங். வரப்ப ஒட்டி எடுக்கல, மரத்தடில எடுக்கல. நாலா பிரிச்சுக் கலந்தோம். போட்டோ வெச்சிருக்கேன், காட்டவா?"

"மேல்மண்ணு எங்க?"

"அது சூளைக்குப் போயிருச்சுங்க. சொந்த நெலத்து மண்ணு, வித்தா தப்புங்களா?"

"மண்ண வித்துட்டு அப்புறம் மண்ணெடுத்தீங்களா?"

"ஆமாங்க. மனை போடப்போற எடத்துக்கு எதுக்குங்க நல்ல மண்ணு? செங்கல்லாவாவது ஆவட்டுமே."

பாய் குறுக்கே சொன்னார். "தோலை உரிச்சு வித்துட்டு, இவருக்கு ஒடம்பு சரியில்லன்னு டாக்டர்கிட்ட சர்டிபிகேட்டு கேக்கறீங்களே தம்பி."

புரோக்கர் சிரித்தார். உண்மையிலேயே ரசித்துச் சிரித்தார்.

யாரும் பொய் சொல்லவில்லை என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன். எங்களுக்கு வந்த மண் அந்த வயலின் மண்தான். எடுத்த முறை சரி. நான் போட்ட ரீடிங் சரி. அந்த வயல் நிலத்துக்குள் சேர்த்து வைத்திருந்தது மட்டும் லாரியில் ஏறிப் போய்விட்டது. எத்தனையோ தலைமுறை வாழைச்சருகும் வைக்கோலும் வேரும் மக்கி மக்கிச் சேர்ந்த கார்பன் அது. மேல் ஓரடிக்குள்தான் அது பெரும்பாலும் இருக்கும். சூளையில் செங்கல்லோடு வெந்து அது புகையாகப் போய்க்கொண்டிருந்தது. அதை வேகவைக்கச் சீமைக்கருவேலம் வெட்டிப் போட்ட புகை தனி. அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டுதான் நாங்கள் மூவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை காலை, வேரில்லாத அந்த மஞ்சள் களித் தொகுதியின் அறிக்கையில் கீழே ஒரு வரி எழுதினேன்: 'மேல்மண் அகற்றப்பட்ட பின் எடுக்கப்பட்ட அடிமண் மாதிரி. நிலத்தின் இயல்பான வளத்தைக் காட்டாது.' வரதன் சார் முன்னால் வைத்தேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது யாரோட வயல்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நேத்து போய்ப் பாத்தேன் சார். முழங்கால் ஆழத்துக்கு வழிச்சுட்டாங்க."

"போய்ப் பார்த்தியா?"

"ஆமா சார்."

அவர் முகம் மாறிய விதத்தை இன்றைக்கும் வரைந்து காட்ட முடியும். மேல்மண்ணை வழித்துவிட்டார்கள் என்பதற்கு அந்த முகம் மாறவில்லை. நான் போய்ப் பார்த்தேன் என்பதற்கு மாறியது.

"இந்த பேட்ச்சை இனிமே நீ தொடாதே. நானே பண்றேன்."

செய்தார். ஒரு பிளாங்க்குக்கு இரண்டு பிளாங்க் போட்டார். மண்ணை மறுபடி எடை போட்டார். சொட்டு எண்ணி விடும் அந்த டைட்ரேஷனை அவ்வளவு சுத்தமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை. ரீடிங் நான் எழுதியதுதான் வந்தது. பிறகு ஸ்கேலை எடுத்து, நான் எழுதிய வரியின் மேல் நேராக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.

"சார், அந்தக் கடைசி வயக்காரர் வாழை செத்துப்போயிடும் சார்."

"நீ சொல்றது வாஸ்தவமா இருக்கலாம்மா. ஆனா படிவத்துல அதுக்கு இடமில்லை. பையில இருக்கறதை நாம சொல்லிட்டோம். பையில பொய் இல்லையே?"

"பையில இல்ல சார்."

"அவ்வளவுதான் நம்ம பாரம். மீதியைப் பெருமாள் பார்த்துப்பார்."

நான் பாயை அழைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். பெரிய மேஜை, ஏசி அறை. பாயை நிற்க வைத்தே பேசினார்.

"உங்க லேப் ரிப்போர்ட் தப்புங்கறீங்களாம்மா?"

"தப்பு இல்ல சார்."

"ரிப்போர்ட் கரெக்ட்டு. அப்ப என்ன பிரச்சனை?"

"மண்ணு எடுக்கறதுக்கு முன்னாடி மேல்மண்ண எடுத்துட்டாங்க சார். நீங்க ஒரு தடவை வந்து பாத்தா போதும்."

"கரெக்ட்டான ரிப்போர்ட்டுக்கு எதுக்கும்மா இன்ஸ்பெக்ஷன்? நாளைக்கு கம்பெனிக்காரன் கோர்ட்டுக்குப் போனா நீங்க வந்து சொல்வீங்களா, நாங்க கரெக்ட்டா பண்ணதுதான் தப்புன்னு?" அவருடைய நகைச்சுவை அவருக்கே பிடித்திருந்தது. பாயைப் பார்த்து, "நல்ல ரேட்டு வரும்போது குடுத்துடுங்க பாய். ஏன் கெடந்து கஷ்டப்படறீங்க?" என்றார்.

"ரேட்டு நல்லாத்தான் சார் இருக்கு. நெலமும் நல்லா இருக்கு. வாய்க்கா மட்டும் இருந்தா போதும்" என்றார் பாய்.

வெளியே வந்து படியில் நின்றோம். பாய்க்கு மூச்சு வாங்கியது. "அம்மா, நீங்க செஞ்சதுக்கு நன்றி. உங்க வேலைக்கு எதுவும் வந்துடாதுல்ல?" என்று கேட்டார். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

வாய்க்கால் தூர்ந்தது. மேலே கிராவல் கொட்டி ரோலர் ஓட்டினார்கள். பள்ளமாக்கிய வயலை நிரப்ப மண் வேண்டுமே. அதற்கும் லாரி வந்தது. எங்கள் வையம்பட்டிப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி எடுத்த கிராவல். இங்கே இருந்த மண்ணைச் சூளைக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பள்ளத்துக்கு எங்கள் ஊர்க் குன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு பக்கமும் டீசல். ரம்யா குடுவையில் போட்டுப் பார்த்து, தன் கையில்தான் பிசகு என்று பயந்தது அந்தக் குன்றைத்தான். அதில் என்ன கார்பன் இருக்கும்?

பாய் போர் போட்டார், மோட்டார் வைத்தார். இரண்டு கோடை தாக்குப்பிடித்தார். மூன்றாவது வருடம் ஐப்பசியில் அடைமழை. புதுக் குடியிருப்பின் தண்ணீரெல்லாம் உயர்ந்த மனையிலிருந்து வழிந்து பள்ளத்துக்கு வந்தது. பள்ளம் என்பது இப்போது பாயின் வயல். குலை தள்ளியிருந்த ஏலரிசி அப்படியே நின்று கிழங்கு அழுகிச் சாய்ந்தது. அதன்பிறகு அவர் வாழை வைக்கவில்லை. அண்ணன் மண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த மண்டிக்கு இப்போது பல மாவட்டம் தாண்டி லாரியில் வாழைத்தார் வருகிறது. பாய் அதை இறக்கி விற்கிறார்.

இதையெல்லாம் ஒரு மேடையில் சொன்னால், வளர்ச்சிக்கு எதிரானவள் என்பார்கள். குடியிருக்க வீடு வேண்டாமா என்பார்கள். வேண்டும். வீடு கட்ட மேட்டு நிலமே திருச்சியில் இல்லையா? ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் மனைகள் இல்லையா? இரண்டு ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணைப் பெயர்த்து எரித்து, அதன்மேல் ஊரிலிருந்து இத்தனை தூரம் தள்ளி வீட்டைக் கட்டி, கீரைக்கட்டு வாங்கவும் ஸ்கூட்டரை உதைக்கிற வாழ்க்கையை அமைத்துவிட்டு, சுவரெல்லாம் வெந்து ஏசி போட்டுக்கொண்டு, கடைசியில் அதற்கு 'கார்பன் சமநிலை' என்று பெயர் வைக்கிறார்கள். முதல் லாரி மண் சூளைக்குப் போன நாளிலிருந்து கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள். அவர்கள் தொடங்க மாட்டார்கள். குடி வந்து, விளக்கெல்லாம் எல்.இ.டி. போட்ட பிறகுதான் அவர்கள் கணக்கு தொடங்கும்.

விழாவுக்குப் போனேன். ஷாமியானா, மைக், பச்சை நிற பலூன்கள். திரையில் டிரோன் எடுத்த படம். வீடுகளுக்கெல்லாம் சாம்பல் நிறம். ஓரத்தில் ஒரு பெரிய துண்டு அடர்பச்சை. அது பாயின் வயல். எனக்கு உடனே தெரிந்தது. அங்கே இப்போது கோரையும் ஆகாயத்தாமரையும். குடியிருப்பின் சாக்கடை அதில்தான் விடப்படுகிறது. சாக்கடை நின்று நுரைக்கிற இடத்திலிருந்து என்ன வாயு கிளம்பும் என்று அந்த நாற்றத்தை முகர்ந்த யாருக்கும் தெரியும். மேலிருந்து பார்த்தால் பச்சை.

முன்வரிசையில் வரதன் சார் உட்கார்ந்திருந்தார். உடம்பு தளர்ந்திருந்தது. திருமண் அப்படியே இருந்தது. அவர் மகன் இங்கே வீடு வாங்கியிருக்கிறானாம். "வாம்மா, சௌக்கியமா? இங்க எல்லாம் வசதிதான். மழை வந்தா மட்டும் வாசல்ல ஜலம் நின்னுடறது. வடிய மாட்டேங்கறது" என்றார். நான் அவரையே பார்த்தேன். அவர் உண்மையிலேயே காரணம் தெரியாமல்தான் சொன்னார்.

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் தேவைப்படவில்லை. "நீங்கள் கன்று நட வெட்டியிருக்கும் குழியின் மண்ணை எங்கள் கூடத்தில் பார்த்தோம். அதில் கார்பன் இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். தொகுப்பாளர் பையன் மைக்கை வாங்கி, "கேட்டீங்களா? கார்பனே இல்லாத மண்ணு, நம்ம மண்ணு" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். ரம்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் பாயைப் பார்த்தேன். கடைசி வரிசையில், விழாக்காரர்கள் போர்த்திய சால்வையைக் கையிலேயே மடித்து வைத்துக்கொண்டு. அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏன் என்று சீக்கிரம் தெரிந்தது. சான்றிதழ் தரும் நிறுவனத்துப் பையன் கார்த்திக், நல்ல பையன், ஒரு தாளையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்துப் பக்கத்தில் குனிந்தான். அந்த வயல் இல்லாமல் குடியிருப்பின் கணக்கு சமநிலைக்கு வராது. நிலம் இப்படியே பசுமையாக இருக்கும், எதுவும் செய்ய மாட்டேன் என்று பாய் கையெழுத்துப் போட வேண்டும்.

"பாய், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அப்படியே விட்டாப் போதும்."

"அப்படியே விட்டதாலதான் தம்பி இப்படி இருக்கு. பச்சையா இருக்கறதெல்லாம் பயிரா? அதுல எறங்கி நின்னு பாருங்க, கால எடுக்கறதுக்குள்ள மயக்கம் வந்துரும்."

"இல்ல பாய், சேட்டிலைட்ல..."

"போடறேன் தம்பி. கையெழுத்து போடறேன். வாய்க்காலத் தொறந்துவுடுங்க. நான் வாழை வெக்கிறேன். நீங்க கேக்கற பச்சையவிட நல்ல பச்சையா தரேன். அத்தா இருந்த காலத்துல பாத்தவங்ககிட்ட கேட்டுப்பாருங்க."

கார்த்திக் விழித்தான். "இங்க வாய்க்கால் இருந்துச்சா? எங்க மேப்ல அப்படி எதுவும் இல்லையே." சுற்றிப் பார்த்தான். குடியிருப்புக்காரர்கள் சிலர் தலையாட்டினார்கள், இல்லை என்று. யாரோ வரதன் சாரைக் காட்டினார்கள். இந்தப் பகுதி மண்ணையெல்லாம் பார்த்த ஆபீசர் அவர்தான் என்று. கார்த்திக் அவரிடம் போனான்.

"சார், நீங்கதான் அப்ப இங்க மண்ணு பாத்தவராம். இங்க வாய்க்கால் இருந்துச்சுங்களா சார்?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பாயும் எழுந்து வந்து நின்றார். முகத்தில் இத்தனை வருடம் கழித்து ஒரு நம்பிக்கை. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் நான். வரதன் சார் யோசித்தார். அவசரமாக எதையும் சொல்கிறவர் இல்லை அவர்.

"நான் பார்த்ததில்லையே" என்றார். "வயலுக்கு நான் வந்ததே கிடையாது. எனக்குப் பைதான் வந்தது."

நான் அவர் எதிரே போய் நின்றேன். "நான் பாத்தேன் சார். உங்ககிட்ட எழுதிக் குடுத்தேன். ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டீங்க."

"ஆமாம்மா" என்றார், நிதானமாக. "போட்டேன். படிவத்துல அதுக்கு இடமில்லை."

அவர் கண்ணில் குழப்பமே இல்லை. வாசலில் ஜலம் நிற்கிற வீட்டில் குடியிருந்துகொண்டு அதைச் சொன்னார்.

பாய் பேனாவை மூடி கார்த்திக்கிடம் திருப்பிக் கொடுத்தார். "சார் சொல்றது நெசந்தான் தம்பி. அவரு வந்ததில்ல. வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு இளநி வெட்டிக் குடுத்திருப்பேன்." சால்வையை நாற்காலி மேல் வைத்துவிட்டு நடந்தார்.

கையெழுத்து இல்லாமலே சான்றிதழ் கொடுத்தார்கள். பராமரிப்பில்லாத பசுமைப் பரப்பு என்ற வகையில் சேர்த்தால் உரிமையாளர் சம்மதம் தேவையில்லையாம். ஒரு பிரதியை ரம்யா எனக்கு அனுப்பியிருந்தாள். வரைபடத்தில் சம்சுதீன் பாயின் வயல் அடர்பச்சையாக இருக்கிறது. அதன்மேல் பெயர் எதுவும் இல்லை. ஓர் எண் மட்டும் போட்டிருக்கிறார்கள்.